ஐந்தாம் பாகத்தைப் பூட்டி வைக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுவர் புத்தகங்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் சில வாரங்களாக வரும் வாசகர் கடிதங்களை ஒன்று விடாமல் படித்து வருகிறேன். ஹாரி பாட்டர் வரிசையின் ஐந்தாம் பாகம் பிள்ளைகள் கையில் இருக்கலாமா என்று தொடங்கிய பேச்சு இப்போது நன்றாகச் சூடு பிடித்துவிட்டது. முதல் நாலு பாகமும் பரவாயில்லை, இதில் மட்டும் சாவும் சண்டையும் எரிச்சலும்தான், இதைப் படித்ததிலிருந்து என் மகன் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான் என்று ஒரு தந்தை எழுதியிருந்தார். ஏற்காட்டில் மகளை ஹாஸ்டலில் விட்டிருக்கும் ஒரு தாய், அங்கே பள்ளி நூலகத்தில் அந்த ஒரு பாகத்தை மட்டும் எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள், நல்ல காரியம் செய்தார்கள் என்று எழுதியிருந்தார். அவரை ஆதரித்து நிறையப் பேர். எதிர்த்து எழுதியது ஒரு கல்லூரி மாணவர் மட்டும், அதுவும் நாலே வரி.

அந்தப் பள்ளி எது என்று எனக்குத் தெரியும். பெயர் இங்கே வேண்டாம். அங்கே இப்போது படிக்கும் பிள்ளைகள் சிலருடைய அப்பா அம்மாவே ஒரு காலத்தில் என்னிடம் புத்தகம் எடுத்துப் படித்தவர்கள். அதனால் பேசாமல் இருக்க முடியவில்லை.

நானும் என் கணவரும் சேலம் அஸ்தம்பட்டியில் வாடகை நூலகம் நடத்தினோம். ஏற்காடு மெயின் ரோட்டை ஒட்டிய தெரு. ஜூன் மாதம் பள்ளி திறக்கும் சமயத்தில் பெட்டி படுக்கையோடு மேலே போகும் குடும்பங்கள் காரை ஓரம் கட்டிவிட்டு வந்து, பிள்ளைக்கு இரண்டு மூன்று புத்தகம் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள். காலாண்டு லீவுக்குக் கீழே இறங்கும்போது திருப்பித் தருவார்கள். மற்றவர்களுக்கு விலையில் பத்தில் ஒரு பங்கு வாடகை, நாள் தவறினால் கூடுதல். ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கை என் கணவர் பார்த்ததே இல்லை.

கதை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முதல் பாகம் 1997இல் வந்தது. பதினோரு வயதில் மந்திரவாதிகளின் உறைவிடப் பள்ளியில் சேரும் ஒரு தாய் தகப்பன் இல்லாத பையனின் கதை. பாகத்துக்கு ஒரு வயது கூடும். 2000 ஜூலையில் வந்த நாலாம் பாகத்தின் கடைசியில் செட்ரிக் என்ற மாணவன் ஹாரியின் கண் முன்னாலேயே கொல்லப்படுகிறான். அதற்குப் பிறகு மூன்று வருஷம் புத்தகமே இல்லை. 2003 ஜூன் 21, சனிக்கிழமை, ஐந்தாம் பாகம் வெளியானது. இங்கிலாந்துப் பதிப்பில் 766 பக்கம். ஏழு பாகத்திலும் இதுதான் பெரியது.

அந்த 766 பக்கத்தில் என்ன நடக்கிறது? ஒரு சாவைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்த பையனை லீவில் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டு, யாரும் அவனிடம் ஒரு சேதியும் சொல்லாமல் இருக்கிறார்கள். கொடியவன் திரும்பி வந்துவிட்டான் என்று அவன் சொன்னதை அரசாங்கம் நம்பவில்லை. பத்திரிகை அவனைப் பொய்யன், மூளை கலங்கியவன் என்று எழுதுகிறது. அவன் உயிராக மதிக்கும் தலைமை ஆசிரியர் டம்பிள்டோர் அந்த வருஷம் முழுக்க அவன் முகத்தை நேராகப் பார்ப்பதைக்கூடத் தவிர்க்கிறார். கடைசியில், அப்பா ஸ்தானத்தில் இருந்த ஒரே ஆளான, அவனுடைய ஞானத்தகப்பன் சிரியஸும் போய்விடுகிறான். பையனுக்குப் பதினைந்து வயது. அவன் கத்துகிறான். உயிர் நண்பர்கள் இரண்டு பேரிடமும் கத்துகிறான். அந்த வரிகளையெல்லாம் புத்தகத்தில் பெரிய எழுத்திலேயே அச்சடித்திருப்பார்கள். உங்கள் வாசகர்களுக்குப் பிடிக்காமல் போனது இந்தக் கத்தல்தான் என்பது என் எண்ணம். சாவு என்று எழுதுகிறார்கள், பயம் என்று எழுதுகிறார்கள். கடிதங்களை நிதானமாகப் படித்துப் பாருங்கள், எல்லாம் சுற்றிச் சுற்றி அந்தக் கோபத்தில்தான் வந்து நிற்கிறது.

இதை நான் இன்றைக்குக் கண்டுபிடிக்கவில்லை. 2003இலேயே எங்கள் கடைப் பேரேட்டில் தெரிந்த விஷயம் இது.

சென்னையிலிருந்து பார்சலில் இரண்டு பிரதி வரவழைத்தோம். கெட்டி அட்டைதான், ஆனாலும் ஐந்தாறு கை மாறுவதற்குள் ஒன்றில் நடுத் தையல் விட்டுவிட்டது. செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்கு வழக்கமாக பைண்டிங் செய்து தருபவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார் என் கணவர். இத்தனை கனத்தை ஒரே முதுகில் நிறுத்தினால் மறுபடியும் விடும் என்று சொல்லி, அவர் புத்தகத்தை இரண்டாகப் பிரித்து, தனித்தனியாகத் தைத்து, முதுகில் காலிகோ துணி ஒட்டி, முன்பாதி பின்பாதி என்று கையில் கொடுத்துவிட்டார். அதனால் யார் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்பது பேரேட்டிலேயே பதிவாக ஆரம்பித்தது. நிறுத்தியவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள்தான். பிள்ளைகள் முன்பாதியைத் திருப்பித் தரும்போதே பின்பாதி உள்ளே இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார்கள். இல்லை என்றால் யாரிடம் இருக்கிறது, எந்தத் தெரு, போய்க் கேட்கட்டுமா என்று நச்சரிப்பார்கள்.

பாதியில் நிறுத்தியவர்களிடம் ஏன் என்று கேட்பது என் வழக்கம். சாவு பிடிக்கவில்லை என்று ஒருவரும் சொன்னதில்லை. சிரியஸின் சாவு பின்பாதியில் இருக்கிறது, அதுவரை அவர்கள் போகவே இல்லை. "என்னங்க இந்தப் பையன், எப்பப் பார்த்தாலும் சிடுசிடுன்னு, பெரியவங்கன்னு ஒரு மரியாதை இல்ல" என்பார்கள். ஒரு அம்மா உண்மையிலேயே வருத்தப்பட்டார்: "மூணாம் பாகத்துல எவ்வளவு நல்ல பையனா இருந்தான்!"

பிள்ளைகளின் வழக்கு வேறு. சிரியஸ் சாகும் விதம் அவர்களுக்கு ஒப்பவே இல்லை. ஒரு கல் வளைவு, அதில் தொங்கும் கிழிந்த திரை. மந்திரம் பட்டதும் அவன் அந்தத் திரைக்குப் பின்னால் சாய்கிறான், அவ்வளவுதான். உடல் இல்லை. எடுத்து அடக்கம் செய்ய ஒன்றும் இல்லை. அதனால் அவன் சாகவே இல்லை என்று சாதித்தார்கள். கோரிமேட்டிலிருந்து சைக்கிளில் வரும் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "முகத்தைக்கூடப் பார்க்காம எப்படிக்கா செத்துட்டான்னு முடிவு பண்றது?" என்று என்னோடு மல்லுக்கு நின்றாள். 2005இல் ஆறாம் பாகம் வருகிறது என்றதும் முதலில் வந்து பெயர் எழுதி வைத்தவள் அவள்தான். சிரியஸ் திரும்பி வருகிறானா என்று பார்க்க வேண்டுமாம்.

யோசித்துப் பார்த்தால் ஹாரி கேட்பதும் அவள் கேட்டதைத்தான். சிரியஸ் பரிசாகக் கொடுத்த சின்னக் கண்ணாடியைப் பெட்டியிலிருந்து எடுத்து, அதில் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கிறான். ஒன்றும் தெரியவில்லை. பள்ளியில் உலவும் ஆவியைத் தேடிப் பிடித்து, சிரியஸும் இப்படி ஆவியாக வருவானா என்று கேட்கிறான். வரமாட்டான் என்று அந்த ஆவி தயங்கித் தயங்கிச் சொல்கிறது. நம் பக்கம் ஒரு சாவு என்றால் முகம் பார்ப்பது, கோடி போடுவது, நீர்மாலை எடுப்பது, பால் ஊற்றுவது என்று ஒன்றன் பின் ஒன்றாகச் செய்ய ஏதாவது இருக்கும். அதில் எதுவுமே இல்லாமல் ஒரு ஆள் போய்விட்டால் மனசு எங்கே போய் முட்டும் என்பதைப் பிள்ளைகளுக்கு அந்த அத்தியாயங்கள் காட்டின. 2021இல் கொரோனா இரண்டாம் அலையில் எத்தனை வீடுகளில் முகம் பார்க்காமலே அனுப்பி வைத்தோம். அந்தக் கோரிமேட்டுப் பெண் அப்போது எனக்கு போன் செய்தாள். அவளுடைய தாய்மாமா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரவே இல்லை. அன்றைக்கு நெடுநேரம் அவள் பேசியது அந்தத் திரையைப் பற்றித்தான். அப்படிப் போனவர்களின் பிள்ளைகள்தான் இன்றைக்கு ஏழாவது, எட்டாவது, பத்தாவது படிக்கிறார்கள். அவர்கள் படிக்கும் பள்ளியில்தான் இந்தப் பாகம் பீரோவுக்குள் இருக்கிறது.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் இப்போது குடும்பஸ்தர். பெயர் போடாமல் எழுதுங்கள் என்று சம்மதம் கொடுத்திருக்கிறார்.

அவர் அப்போது பத்தாம் வகுப்பு, ஏற்காடு ஹாஸ்டல் பிள்ளை. முன்பாதியைப் படித்து முடித்திருந்த சமயம் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். காரியம் முடிந்து மாமா அவனை மேலே கொண்டுபோய் விடும் வழியில் எங்கள் கடைக்கு வந்தார்கள். மொட்டைத் தலையில் முடி அப்போதுதான் அரும்பியிருந்தது. "இனிமே வீட்டுக்கு நீதான் எல்லாம், அம்மா முன்னாடி அழக்கூடாது, தைரியமா இருக்கணும்" என்று மாமா என் முன்னாலேயே சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல மனுஷர், வேறு என்ன சொல்வதென்று அவருக்கும் தெரியவில்லை. பையன் தலையாட்டினான். பின்பாதியைக் கேட்டு வாங்கிக்கொண்டான். அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் பதிவு போட்டுக் கொடுத்துவிட்டேன்.

லீவுக்கு வந்து திருப்பித் தந்தபோது அவன் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வரும் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, பென்சில் கோடு இருந்தால் ரப்பர் வைத்து அழித்துவிட்டுத்தான் அலமாரியில் வைப்பேன். அன்றைக்கும் புரட்டினேன். சிரியஸ் செத்த இரவு ஹாரி தலைமை ஆசிரியரின் அறையில் நிற்கும் இடம். அங்கே இருக்கும் வெள்ளிச் சாமான்களையெல்லாம் எடுத்து வீசி உடைக்கிறான். எனக்கு இது போதும், நான் மனுஷனாகவே இருக்க வேண்டாம் என்கிற மாதிரி கத்துகிறான். அந்தப் பக்கத்து ஓரத்தில், ஒரு கோடு இழுத்து, சின்ன எழுத்தில் "நானும்" என்று எழுதியிருந்தது. அதை நான் அழிக்கவில்லை. அந்தப் பின்பாதி இன்னும் என்னிடம் இருக்கிறது.

அந்தக் காட்சியில் டம்பிள்டோர் என்ன செய்கிறார் என்பதைப் பூட்டச் சொல்லும் பெற்றோர் ஒரு தடவை பொறுமையாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் பையனைத் தடுக்கவில்லை. அதட்டவில்லை. உடைந்த சாமானுக்காகக் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. உனக்கு என் மேல் கோபம் வருவது நியாயம்தான், இத்தனை நாள் உன்னிடம் மறைத்தது என் தப்பு என்று உட்கார்ந்து முழுக்கச் சொல்கிறார். கண்ணில் தண்ணீர்கூட வருகிறது. ஊரே மதிக்கும் வயதான ஆசிரியர் ஒருவர் பதினைந்து வயதுப் பையனிடம் அப்படிப் பேசுவதை நம் பிள்ளைகள் வேறு எங்கே பார்க்கப் போகிறார்கள்? துக்க வீட்டில் நாம் பிள்ளைகளை அழ விடுகிறோம். பெண் பிள்ளை என்றால் மடியில் போட்டுக்கொண்டு அழ விடுகிறோம். ஆனால் துக்கத்தில் ஒரு பிள்ளைக்கு ஆத்திரம் வந்தால் அதை எங்கே வைப்பதென்று நமக்குத் தெரிவதில்லை. பாத்திரத்தைத் தூக்கி எறிந்தால் முதுகில் ஒன்று வைக்கிறோம்.

இதை எழுதிய ரௌலிங் முதல் பாகத்தை எழுத ஆரம்பித்த அந்த 1990ஆம் வருஷக் கடைசியில்தான் அவருடைய அம்மா நோயில் காலமானார். மகள் இப்படி ஒரு கதை எழுதிக்கொண்டிருந்தது அந்த அம்மாவுக்குத் தெரியவே தெரியாது. ஐந்தாம் பாகம் வந்த சமயத்தில் கொடுத்த டிவி பேட்டியில், அந்தச் சாவை எழுதி முடித்துவிட்டு அழுதுகொண்டே சமையலறைக்குள் போனதாகச் சொன்னார். வியாபாரத்துக்காக அவர் கதையைப் பயங்கரமாக்கினார் என்று உங்கள் வாசகர் ஒருவர் எழுதியிருப்பதால் இதைச் சொல்கிறேன்.

சாவுக் கதை நமக்குப் புதிதும் இல்லை. என் பிறந்த ஊர் ஓமலூர் பக்கம். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் அபிமன்யு கூத்து விடிய விடிய நடக்கும். சின்னப் பிள்ளைகள் முன்வரிசையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருப்போம். பதினாறு வயதுப் பையனை ஆறேழு மகாரதர்கள் சூழ்ந்துகொண்டு கொல்வதை யாரும் எங்கள் கண்ணைப் பொத்தி மறைத்ததில்லை. அதற்குப் பிறகு அர்ச்சுனன் வருவான். மகன் எங்கே என்று தேடுவான். நாளைப் பொழுது சாய்வதற்குள் ஜயத்ரதனைக் கொல்வேன், முடியாவிட்டால் தீயில் இறங்குவேன் என்று சபதம் செய்வான். அவன் தொடையைத் தட்டிக்கொண்டு ஆடும் ஆட்டத்தில் மேடைப் பலகை அதிரும், பெரியவர்கள் எழுந்து நின்று குரல் கொடுப்பார்கள். அர்ச்சுனனுடைய ஆத்திரம் நமக்குப் புரிகிறது. ஆடி மாதம் சேலம் குகைப் பகுதியில் சாமி வேஷம் கட்டி வண்டியில் வரும் வண்டி வேடிக்கைக்குக் கைக்குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு போகிறோம். அங்கே வரும் காளி வேஷத்தைப் பார்த்து வீறிட்டு அழும் குழந்தையைக்கூட அடுத்த வருஷம் மறுபடி தூக்கிக்கொண்டு போகிறோம். அப்புறம் ஒரு இங்கிலீஷ் கதையில் வரும் பையன் இரண்டு வார்த்தை சத்தம் போட்டுப் பேசுவது மட்டும் எப்படி நம் பிள்ளைகளைக் கெடுத்துவிடும்?

கதை இப்படிப் போகக் கூடாது என்று வாசகர்கள் கோபப்படுவதும் நம் ஊரில் புதிது இல்லை. 1954இல் பொன்னியின் செல்வன் முடிந்தபோது, அப்படி முடித்தது போதவில்லை என்று வாசகர்கள் கேட்டுக் கேட்டு, கல்கி தனியாக முடிவுரை எழுதிப் பதில் சொன்னார். அவர்கள் எல்லாரும் படித்துவிட்டுச் சண்டை போட்டவர்கள். பூட்டிவிட்டால் அந்தச் சண்டைக்கும் இடம் இல்லை.

பூட்டுவதைப் பற்றி அந்தப் புத்தகத்துக்குள்ளேயே ஒரு அத்தியாயம் இருக்கிறது. பெரிய பத்திரிகை எதுவும் ஹாரியின் பேச்சைப் போடாதபோது, யாரும் மதிக்காத ஒரு சின்னப் பத்திரிகை அவன் பார்த்ததை அவன் சொன்னபடியே வெளியிடுகிறது. மறுநாளே அவனுக்கு வாசகர் கடிதங்கள் குவிகின்றன. உனக்கு வைத்தியம் பார்க்க வேண்டும் என்று சிலர், நம்புகிறோம் என்று சிலர், பாதி நம்பியும் நம்பாமலும் சிலர். பள்ளியைக் கண்காணிக்க வந்திருக்கும் அம்ப்ரிட்ஜ் என்ற அதிகாரி உடனே அந்தப் பத்திரிகையைத் தடை செய்து நோட்டீஸ் ஒட்டுகிறாள். அன்று சாயங்காலத்துக்குள் பள்ளியில் அதைப் படிக்காத பிள்ளை இல்லை. ஏற்காட்டில் அந்தப் பாகம் பீரோவுக்குப் போன பிறகு ஹாஸ்டலில் அது போனிலும் டேப்பிலும் கை மாறுகிறது என்று அங்கே படிக்கும் பிள்ளைகள் மூலமே கேள்விப்பட்டேன். அந்தப் பள்ளியில் யார் மேலும் எனக்குப் பகை கிடையாது. ஆனால் போனில் திருட்டுத்தனமாகப் படிக்கும் பிள்ளை, மனசில் ஏதாவது குத்தினால் யாரிடம் போய்ச் சொல்லும்? நூலகரிடம் சொல்ல முடியாது, வார்டனிடமும் முடியாது.

எழுதியவர்களில் ஒரு தாயின் கடிதம் மட்டும் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. மகளுக்கு எட்டு வயது. அம்ப்ரிட்ஜ் கொடுக்கும் இம்போசிஷன் காட்சியைப் படித்துவிட்டு அவள் சில நாளாகத் தனியாகப் படுக்க மாட்டேன் என்கிறாளாம். "நான் பொய் சொல்லக் கூடாது" என்று திரும்பத் திரும்ப எழுத வேண்டும். மை தொட வேண்டியதில்லை. பேனா எழுத எழுத அதே வரி பையனின் புறங்கையில் கீறி, ரத்தம்தான் மையாக வரும். இரவுக்கு இரவு இது நடக்கிறது. எட்டு வயதுக்கு அது அதிகம்தான். அந்தத் தாயின் கவலையை நான் முழுக்க ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் எட்டு வயதில் ஐந்தாம் பாகம் எப்படிக் கைக்கு வந்தது? இதை ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் அது முடியாது. 1997, 1998, 1999, 2000 என்று வருஷத்துக்கு ஒன்றாக நாலு பாகம், அப்புறம் 2003, 2005, 2007 என்று மூன்று. 1999இல் பத்து வயதில் முதல் பாகத்தை எடுத்த பிள்ளைக்கு ஐந்தாம் பாகம் வந்தபோது பதினாலு வயது. காத்திருந்த காலத்தில் பிள்ளையும் வளர்ந்தது. இப்போது ஏழும் ஒரே பெட்டியில் கிடைக்கிறது. பிறந்தநாள் பரிசாக வாங்கிக் கொடுக்கிறோம். கோடை லீவில் பிள்ளை மளமளவென்று படித்துக்கொண்டே போகிறது, மே மாதம் முடிவதற்குள் பதினைந்து வயதுப் பையனின் துக்கத்துக்குள் போய் நிற்கிறது. முதல் பாகம் எட்டு வயதுக்குப் பொருத்தம், ஐந்தாவது பதிமூன்று பதினாலுக்குப் பொருத்தம். இரண்டுக்கும் நடுவில் ஐந்தாறு வருஷம் விட வேண்டியது வாங்கிக் கொடுக்கும் நம் பொறுப்பு. எங்கள் கடையில் ஏழாம் வகுப்புக்குக் கீழே படிக்கும் பிள்ளைகளுக்கு நாலாம் பாகத்தோடு நிறுத்திவிடுவோம். வீட்டில் ஒருவர் கூட இருந்து படிப்பதாகச் சொன்னால் மட்டும் தருவோம். பள்ளி நூலகத்தில் இதைச் செய்வது கஷ்டமே இல்லை. எட்டாம் வகுப்புக்கு மேல் என்று அட்டையில் ஒரு சீட்டு ஒட்டினால் போதும்.

அந்தத் தண்டனைக் காட்சியில் என்னைப் பயப்பட வைப்பது வேறு ஒன்று. ஹாரி அதை ஒரு ஆசிரியரிடமும் சொல்வதில்லை. நண்பன் போய்ச் சொல் என்று வற்புறுத்துகிறான், அவன் மறுத்துவிடுகிறான். கையை மறைத்துக்கொள்கிறான். நம் நாட்டில் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பிள்ளையை அடிக்கவும் கூடாது, மனசளவில் துன்புறுத்தவும் கூடாது என்கிறது. சட்டம் இருக்கிறது. கையை மறைக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அந்தப் பக்கத்தைப் படித்து முடித்த பிள்ளையிடம், நீயாக இருந்தால் யாரிடம் சொல்லியிருப்பாய் என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். என் பேத்தி கொஞ்சமும் யோசிக்காமல் பள்ளி வேன் ஓட்டும் அண்ணன் பெயரைச் சொன்னாள். அவளுக்கு நம்பிக்கை உள்ள பெரிய மனுஷர் அவர்தான் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் அதுவரை தெரியாது.

புத்தகத்தில் குறை இல்லை என்று சொல்ல வரவில்லை. நீளம் அதிகம். நடுவில் சில அத்தியாயங்கள் நகரவே நகராது. எழுதியவரே பிற்பாடு, இன்னும் சுருக்கியிருக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். மந்திரம் தந்திரம் என்று மதத்தின் பேரில் எதிர்ப்பவர்களுக்கும் நான் பதில் சொல்லப் போவதில்லை. அமெரிக்காவில் 2000 முதல் 2009 வரை நூலகங்களிலிருந்து எடுக்கச் சொல்லி அதிகமாகப் புகார் வந்த நூல்களின் பட்டியலில் இந்த வரிசைதான் முதலிடம் என்று அந்த நாட்டு நூலகச் சங்கம் அறிவித்தது. அந்த விவாதம் அங்கேயே அலசித் தீர்ந்துவிட்டது.

இத்தனை கோபம் இருக்கும் இந்தப் புத்தகத்தில்தான் லூனா என்ற பெண்ணும் முதல் முறையாக வருகிறாள். பள்ளி வண்டிகளை இழுக்கும் கறுப்புக் குதிரைகள் சாவை நேரில் பார்த்தவர்கள் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். ஹாரிக்கு அந்த வருஷம்தான் தெரிய ஆரம்பிக்கின்றன, தனக்குப் பைத்தியம்தான் பிடித்துவிட்டதோ என்று அவனே பயப்படுகிறான். எனக்கும் தெரிகிறது என்று முதலில் சொல்பவள் லூனாதான். ஒன்பது வயதில் அம்மா சாவதைப் பார்த்த பெண். கடைசியில், நண்பர்கள் எல்லாரும் சிரியஸ் பெயரை எடுக்கவே தயங்கும்போது, அவளோடு பேசிய பிறகுதான் அவன் மனசு கொஞ்சம் லேசாகிறது. வகுப்பில் அப்பா இல்லாத, அம்மா இல்லாத பிள்ளை ஒன்றாவது இருக்கும். மற்றப் பிள்ளைகள் அந்தப் பிள்ளையிடம் எப்படிப் பேசுவது என்று தெரியாமல்தான் ஒதுங்கிப் போகிறார்கள். லூனாவைப் படித்த பிள்ளைக்கு ஒரு வழி தெரிந்திருக்கும்.

அந்தப் பள்ளி நிர்வாகத்துக்கு என் வேண்டுகோள் இது. அந்தப் பாகத்தை எடுத்து நாலுக்கும் ஆறுக்கும் நடுவில் திரும்ப வையுங்கள். சின்ன வகுப்புகளுக்குத் தராதீர்கள், சரி. பெரிய வகுப்புப் பிள்ளைகள் கேட்டால் காரணம் கேட்காமல் கொடுங்கள். திருப்பித் தரும்போது நூலகர் நாலு வார்த்தை பேசட்டும்.

ஆசிரியர் அவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். இத்தனை வாரமாக நீங்கள் போட்ட கடிதங்கள் எல்லாம் பெற்றோர், ஆசிரியர், என்னைப் போன்ற வயதானவர்கள் எழுதியவை. அந்தக் கல்லூரி மாணவரைத் தவிர, படிக்கும் வயதில் இருக்கும் ஒருவருடைய கடிதம்கூட வரவில்லை. அடுத்த ஞாயிறு இணைப்பில் ஒரு பக்கத்தைப் பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஒதுக்கி, ஐந்தாம் பாகத்தைப் படித்த பிள்ளைகளை எழுதச் சொல்லி அறிவிப்புப் போடுங்கள். பிடிக்கவில்லை என்று எழுதுபவர்களையும் போடுங்கள். ஹாஸ்டல் பிள்ளைகள் பெயரில்லாமல் எழுதலாம் என்று அந்த அறிவிப்பிலேயே சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் ஏற்காட்டிலிருந்து ஒரு கடிதமும் வராது.

இப்படிக்கு,
வாடகை நூலகம் நடத்திய ஒரு வாசகி,
அஸ்தம்பட்டி, சேலம்.